ஸ்பின் கிளாஸா, வேறு ஏதாவதா? அருமண் உலோகச் சேர்மங்களுக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

அருமண் உலோகம் இரண்டு பங்கு, பல்லேடியமோ நிக்கலோ ஒரு பங்கு, சிலிகான் மூன்று பங்கு. ஆய்வகத்தில் 2:1:3 என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தக் குடும்பத்தில் ஒரு மாதிரியை உருக்கிக் காந்தமாக்கத்தை அளந்தவர்களுக்கு இந்த வரைபடம் பழகியிருக்கும். 10 கெல்வினுக்குப் பக்கத்தில் ஒரு முனை. அதற்குக் கீழே, புலமில்லாமல் குளிர்வித்து அளந்த இசட்எஃப்சி வளைகோடும் புலத்தோடு குளிர்வித்து அளந்த எஃப்சி வளைகோடும் பிரிந்து போகின்றன. உடனே குறிப்பேட்டில் ‘ஸ்பின் கிளாஸ்’ என்று எழுதக் கை வரும். எழுதாதீர்கள். அந்த வரைபடத்துக்கு இன்னும் நாலைந்து காரணங்கள் இருக்கலாம். அவற்றில் பாதியை ஒரே நாளில் சோதித்துவிடலாம்.

ஸ்பின் கிளாஸ் உருவாக இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று ஒழுங்கின்மை, இன்னொன்று ஃப்ரஸ்ட்ரேஷன் என்று சொல்லப்படும் காந்த இழுபறி. இந்த உலோகச் சேர்மங்களில் அருமண் அணுக்களின் 4எஃப் காந்தத் திருப்புத்திறன்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. கடத்து எலக்ட்ரான்கள் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. ஆர்கேகேஒய் எனப்படும் அந்தப் பிணைப்பு தொலைவைப் பொறுத்துக் குறி மாறி மாறி ஊசலாடிக்கொண்டே, தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது. ஒரு அண்டை அணு ‘என்னோடு இணையாக நில்’ என்கிறது, அடுத்த கூட்டில் உள்ளது ‘எதிராக நில்’ என்கிறது. எல்லா அண்டை அணுக்களையும் ஒரே சமயத்தில் திருப்திப்படுத்த முடியாத ஸ்பின்கள், ஏதோ ஒரு திசையில் ஒழுங்கில்லாமல் உறைந்துவிடுகின்றன.

2:1:3 சேர்மங்கள் அலுமினியம் டைபோரைடு வகை அறுகோண அமைப்பு கொண்டவை. அருமண் அணுக்கள் முக்கோண அடுக்குகளாக அமர்கின்றன. அதனால் எதிர்ஃபெரோ பிணைப்பு இருந்தால் வடிவியல் இழுபறி தானாக வந்துவிடும். பல்லேடியமும் சிலிகானும் ஒரே வகை இடத்தைக் கலந்து பகிர்ந்துகொள்வதால் ஒழுங்கின்மையும் கூடவே வருகிறது. ஆனால் முக்கோண அடுக்கு இருந்தாலே கிளாஸ் ஆகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. காடோலினியம்–பல்லேடியம்–சிலிகான் 2:1:3 சேர்மம் அதே குடும்பம்தான். அது சுமார் 21 கெல்வினில் நீண்டதூரக் காந்த ஒழுங்கு, அதாவது மாதிரி முழுக்க ஒரே முறையில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு, பெறுகிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990களிலேயே அதன் மின்தடையில் தெரியும் விசித்திரமான சிறுமத்தை ஆராய்ந்தார்கள். 2019இல் ஜப்பானியக் குழு ஒன்று அதே சேர்மத்தில் ஸ்கிர்மியான் எனப்படும் சிறு காந்தச் சுழல்களின் அணிக்கோவையைக் கண்டது. ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை கிளாஸ், இன்னொன்று ஸ்கிர்மியான். ஆகவே உங்கள் கையில் இருக்கும் மாதிரி எதைச் செய்கிறது என்பதை அந்த மாதிரியிடம்தான் கேட்க வேண்டும்.

கீழே உள்ள அறிகுறிகளை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் வரைபடத்தில் தெரிவதை நேராகத் தேடிப் போங்கள்.

அறிகுறி: இசட்எஃப்சியும் எஃப்சியும் பிரிகின்றன. வேறு ஆதாரம் இன்னும் எதுவும் இல்லை

முதலில் சந்தேகிக்க வேண்டியது சாதாரண ஃபெரோகாந்தம். டெர்பியம், டிஸ்ப்ரோசியம் போன்றவற்றில் திசைச்சார்பு, அதாவது திருப்புத்திறன்கள் படிகத்தின் சில திசைகளையே விரும்பும் குணம், மிக வலுவானது. வெப்பநிலை குறையக் குறைய, வெவ்வேறு திசையில் காந்தமான பகுதிகளைப் பிரிக்கும் டொமைன் சுவர்கள் நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும். புலமில்லாமல் குளிர்வித்துவிட்டுச் சிறு புலம் கொடுத்தால் சுவர்கள் அசையாது, இசட்எஃப்சி கீழே விழும். புலத்தோடு குளிர்வித்தால் எஃப்சி மேலேயே நிற்கும். வரைபடம் அச்சு அசலாகக் கிளாஸ் போலவே இருக்கும்.

இதைப் பிரித்தறிய எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஜாய், அனில் குமார், தாத்தே ஆகியோர் 1998இல் வெளியிட்ட எளிய தொடர்பு அது. கொடுத்த புலத்தோடு காந்தநீக்குப் புலத்தை (காந்தமாக்கத்தைப் பூஜ்ஜியமாக்கத் தேவையான எதிர்ப்புலம்) கூட்டுங்கள்; அந்தக் கூட்டுத்தொகையில் கொடுத்த புலம் எத்தனை பங்கோ, அந்தப் பங்கால் எஃப்சி மதிப்பைப் பெருக்கினால் இசட்எஃப்சி மதிப்பு கிடைக்க வேண்டும். உதாரணமாக, நீங்கள் கொடுத்த புலம் 100 ஓர்ஸ்டெட், அந்த வெப்பநிலையில் தயக்கக் கண்ணியிலிருந்து எடுத்த காந்தநீக்குப் புலம் 900 ஓர்ஸ்டெட் என்றால், இசட்எஃப்சி எஃப்சியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக இருக்கும். ஐந்தாறு வெப்பநிலைகளில் தயக்கக் கண்ணி எடுங்கள், இசட்எஃப்சியைக் கணக்கிட்டுப் பாருங்கள். அளந்த வளைகோடு கணக்கோடு ஒத்துப்போனால், பிரிவுக்குத் திசைச்சார்பே போதுமான காரணம். ஸ்பின் கிளாஸைக் கூப்பிட வேண்டியதில்லை.

ஒத்துப்போகவில்லையா? சரி, அப்போது எஃப்சியின் வடிவத்தைப் பாருங்கள். செம்பில் சிறிதளவு மாங்கனீசு கலந்த உலோகக்கலவை போன்ற மரபான கிளாஸ்களில், உறைவு வெப்பநிலைக்குக் கீழே எஃப்சி கிட்டத்தட்டத் தட்டையாகப் போகும். கீழே போகப் போக எஃப்சி ஏறிக்கொண்டே இருந்தால் ஸ்பின்கள் தனித்தனியாக அல்ல, கொத்துக் கொத்தாக உறைகின்றன என்றோ, உறையாமல் மிஞ்சிய ஸ்பின்கள் இருக்கின்றன என்றோ சந்தேகிக்கலாம். பிறகு 50, 100, 500, 1000 ஓர்ஸ்டெட் என்று புலத்தைக் கூட்டிப் பாருங்கள். பிரிவு தொடங்கும் வெப்பநிலை கீழே இறங்க வேண்டும். புலத்தின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு எதிராக அந்த வெப்பநிலையை வரைந்தால் நேர்கோடு வருகிறதா என்பது, 1978இல் டி அல்மெய்டாவும் தௌலெஸும் கணக்கிட்ட எல்லைக்கோட்டுக்கான சோதனை. ஆனால் அந்த நேர்கோட்டை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நுண்துகள் மாதிரிகளிலும் இதே அடுக்கு வந்துவிடுகிறது.

அறிகுறி: இசட்எஃப்சி எதிர்மறை மதிப்புக்குப் போகிறது

மீக்கடத்துக் காந்தச்சுருளை உயர்ந்த புலத்திலிருந்து பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தாலும் சில ஓர்ஸ்டெட்டிலிருந்து சில பத்து ஓர்ஸ்டெட் வரை உள்ளே தங்கிவிடும். அது எதிர்த்திசையில் இருந்தால் நீங்கள் ‘புலமில்லாமல்’ குளிர்வித்தது உண்மையில் எதிர்ப்புலத்தில் குளிர்வித்ததே. முந்தைய நாள் யாராவது 7 டெஸ்லா வரை தயக்கக் கண்ணி எடுத்திருந்தால் இது கட்டாயம் நடக்கும். புலத்தைக் குறி மாற்றி மாற்றி, வீச்சைக் குறைத்துக்கொண்டே பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். அதன்பின் மாதிரியைப் பாராகாந்த நிலையில் வைத்து, சிறு புலங்களில் சில புள்ளிகள் எடுத்து, காந்தமாக்கம் பூஜ்ஜியமாகும் இடத்தைப் பாருங்கள். அந்த இடம்தான் எஞ்சிய புலத்தைச் சொல்லும். அதை ஈடுசெய்து மறுபடி குளிர்வியுங்கள்.

எதிர்மறை மதிப்பு 3.7 கெல்வினுக்குக் கீழே மட்டும் திடீரென்று வருகிறதா? படிகத்தை வெள்ளீய உருகலில் வளர்த்தீர்களா என்று யோசியுங்கள். வெள்ளீயம் 3.72 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, இண்டியம் 3.41 கெல்வினில். மேற்பரப்பில் ஒட்டிய சிறு துளியே போதும். 500 ஓர்ஸ்டெட் புலத்தில் அந்த எதிர்மறை மறைந்துவிட்டால் குற்றவாளி அதுதான். படிகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

அறிகுறி: எதிர்பாராத வெப்பநிலையில் ஒரு மேடு அல்லது படி

கீழே உள்ள எண்களை ஒரு தாளில் எழுதிக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வினைபுரியாமல் மிஞ்சிய அருமண் உலோகத்தின் கையெழுத்து இது. காடோலினியம் 293 கெல்வின். டெர்பியம் 230, 220. டிஸ்ப்ரோசியம் 179, பிறகு 90க்குச் சற்றுக் கீழே. ஓல்மியம் 132, 20. எர்பியம் 85, 20. யூரோப்பியம் இருக்கும் மாதிரியில் 69 கெல்வினில் படி வந்தால் அது யூரோப்பியம் மோனாக்சைடு. எந்த அருமண்ணாக இருந்தாலும் 43 முதல் 50 கெல்வினுக்குள் ஒரு சிறு மேடு வந்தால், மாதிரி அறைக்குள் காற்று புகுந்து ஆக்சிஜன் உறைந்திருக்கிறது. அறையைச் சூடாக்கி, ஹீலியத்தால் பலமுறை நிரப்பி வெளியேற்றி மறுபடி அளந்தால் மேடு போய்விடும்.

எக்ஸ்-கதிர் தூள் வரைபடத்தில் எந்த வேற்றுக் கட்டமும் (கலந்துவிட்ட வேறு சேர்மம்) தெரியவில்லை என்று வாதாடாதீர்கள். 3 முதல் 5 சதவீதத்துக்குக் கீழே உள்ள கட்டம் சாதாரணத் தூள் வரைபடத்தில் பின்னணியில் கரைந்துவிடும். காந்த அளவீட்டுக்கோ ஒரு சதவீத ஃபெரோகாந்தம் தாராளம். மெருகேற்றிய மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பின்சிதறல் முறையில் பாருங்கள். மணிகளின் எல்லையில் வேறு நிறத்தில் ஒரு கோடு ஓடினால், அங்கே வைத்து வேதிக் கலவையை அளவிடுங்கள்.

அறிகுறி: ஏசி முனை அதிர்வெண்ணோடு நகரவில்லை

ஏசி அளவீடு என்பது, திசை மாறி மாறி அலையும் சிறு புலத்துக்கு மாதிரி எவ்வளவு காந்தமாகிறது (காந்த ஏற்புத்திறன்) என்று பார்ப்பது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1972இல் கன்னெல்லாவும் மைடோஷும் தங்கம்–இரும்பு கலவையில், மிகச் சிறிய புலத்தில் ஏசி காந்த ஏற்புத்திறனை அளந்தபோதுதான் கூர்மையான முனை கண்ணில் பட்டது. அதுவரை பெரிய புலங்களில் அளந்தவர்களுக்கு வெறும் மழுங்கிய மேடுதான் தெரிந்தது. ஆகவே முதல் சோதனை: உங்கள் ஏசி வீச்சு 1 முதல் 3 ஓர்ஸ்டெட்டுக்குள் இருக்கிறதா? டிசி புலம் உண்மையிலேயே பூஜ்ஜியமா?

இரண்டாவது, வெப்பநிலைப் படிகள். முனையின் நகர்வை மைடோஷ் அளவுரு என்று ஓர் எண்ணாகச் சொல்வது வழக்கம். முனை நகர்ந்த அளவை, உறைவு வெப்பநிலையாலும் அதிர்வெண்ணின் பத்தடி மடக்கை மாற்றத்தாலும் வகுக்க வேண்டும். செம்பு–மாங்கனீசு கிளாஸில் இது 0.005. கொத்துக் கிளாஸ்களில் பொதுவாக 0.01 முதல் 0.1க்குள் வரும். ஒவ்வொன்றும் தனிக் காந்தம் போல நடந்து, ஒன்றோடொன்று பேசாத மீபாராகாந்தத் துகள்களில் 0.1க்கு மேல் போகும். ஓல்மியம் போரேட் கண்ணாடியில் 0.28. இப்போது கணக்குப் போடுங்கள். முனை 8 கெல்வினில் இருக்கிறது, 1 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை மூன்று பத்து மடங்குகள் அளக்கிறீர்கள், மரபான கிளாஸ் என்றால் மொத்த நகர்வு 0.005 பெருக்கல் 8 பெருக்கல் 3, அதாவது 0.12 கெல்வின்தான். நீங்கள் 0.2 கெல்வின் படியில் அளந்திருந்தால் அது தெரியவே தெரியாது. முனையைச் சுற்றி 2 கெல்வின் அகலத்தில் 0.05 கெல்வின் படியிலாவது அளங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பநிலை நிலைத்த பிறகே அளக்க வேண்டும்.

அப்புறம் முனையின் உச்சியைக் கண்ணால் குறிக்காதீர்கள். உச்சிக்கு இருபுறமும் ஏழெட்டுப் புள்ளிகளுக்கு ஒரு இருபடிக் கோவையைப் பொருத்தி, அதன் உச்சத்தை எடுங்கள். பிழை அளவையும் கூடவே எழுதுங்கள். நகர்வு பிழையைவிட மூன்று மடங்காவது பெரிதாக இல்லையென்றால் ‘நகர்கிறது’ என்று சொல்ல வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகும் முனை அசையவில்லை என்றால் அது நீண்டதூர ஒழுங்காகத்தான் இருக்கும். அதை ஏற்றுக்கொள்வதே சரி.

அறிகுறி: முனை நகர்கிறது, ஆனால் நகர்வு நம்ப முடியாத அளவு பெரிது, அல்லது ஏசி ஏற்புத்திறனின் கற்பனைப் பகுதி (புலத்துக்குப் பின்தங்கி வரும் பங்கு) உறைவுக்கு மேலேயும் பூஜ்ஜியமாகவில்லை

மாதிரி ஓர் உலோகம் என்பதை மறந்துவிட வேண்டாம். ஏசி புலம் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். மின்தடைமை 100 மைக்ரோஓம் சென்டிமீட்டர் இருந்தால் 10 கிலோஹெர்ட்ஸில் ஊடுருவு ஆழம் சுமார் 5 மில்லிமீட்டர், கவலையில்லை. அதே மின்தடைமை தாழ்வெப்பநிலையில் 1 மைக்ரோஓம் சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டால் ஆழம் அரை மில்லிமீட்டர். உங்கள் துண்டு 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கற்பனைப் பகுதி முழுக்கச் சுழல் மின்னோட்டத்தின் பேச்சு. உறைவுக்கு வெகு மேலே, கற்பனைப் பகுதி அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அதுதான். சிறு துண்டுகளாக உடைத்து, ஒன்றோடொன்று படாமல் வார்னிஷில் பதித்து அளந்தால் தீரும்.

ஆனால் மாதிரியை மாவாக அரைக்காதீர்கள். அரைக்கும்போது ஏறும் திரிபு புதிய ஒழுங்கின்மையைக் கொண்டுவரும், நீங்கள் அளக்க வந்த விஷயமே மாறிவிடும். தூளைத்தான் அளந்தாக வேண்டும் என்றால், அரைத்த தூளைக் குறைந்த வெப்பநிலையில் சிறிது நேரம் பதப்படுத்தி, அளவீட்டை அரைக்காத துண்டோடு ஒப்பிடுங்கள். தூளை மெழுகில் நிலைநிறுத்தவும் மறக்காதீர்கள். திசைச்சார்பு மிகுந்த மணிகள் பெரிய புலத்தில் திரும்பிக்கொள்ளும்.

அறிகுறி: அர்ரேனியஸ் பொருத்தத்தில் வெறித்தனமான எண் வருகிறது, வோகல்–ஃபுல்ச்சர் பொருத்தமோ எதற்கும் ஒத்துப்போகிறது

முனை வெப்பநிலை அதிர்வெண்ணோடு நகர்வதை விவரிக்கும் சமன்பாடுகள் இவை: அர்ரேனியஸ் ஒவ்வொரு ஸ்பினும் தனியாக ஓர் ஆற்றல் தடையைத் தாண்டுவதாகக் கொள்கிறது, வோகல்–ஃபுல்ச்சர் அதோடு ஸ்பின்களின் இடைவினைக்காகச் சிறப்பு வெப்பநிலை ஒன்றையும் சேர்க்கிறது. முதல் பாதி நல்ல செய்தி. 1 ஹெர்ட்ஸில் 8.00 கெல்வின், 1000 ஹெர்ட்ஸில் 8.25 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். அர்ரேனியஸ் சமன்பாட்டில் போட்டால் ஆற்றல் தடை 1800 கெல்வினுக்கு மேல் வரும், அடிப்படைத் தளர்வு நேரம் 10⁻¹⁰⁰ விநாடி வரும். எந்த அணுவும் அவ்வளவு வேகமாகத் திரும்ப முடியாது. தனித்தனி ஸ்பின்கள் தடையைத் தாண்டவில்லை, கூட்டாகத்தான் உறைகின்றன என்பதற்கு இந்த அபத்தமே சாட்சி.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். வோகல்–ஃபுல்ச்சர் சமன்பாட்டில் மூன்று அளவுருக்கள். உங்களிடம் இருப்பதோ ஐந்தாறு அதிர்வெண்கள். மேலே சொன்ன அதே இரண்டு புள்ளிகளை எடுத்து, தளர்வு நேரத்தை 10⁻¹³ விநாடி என்று பிடித்துவைத்தால் சிறப்பு வெப்பநிலை 7.23 கெல்வின், தடை சுமார் 21.5 கெல்வின். 10⁻⁹ விநாடி என்று பிடித்தால் 7.57 கெல்வின், தடை 8 கெல்வின். அளவீடு ஒன்றே, தடை மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆகவே மூன்றையும் ஒரே சமயத்தில் தளரவிட்டுக் கிடைத்த எண்ணை இயற்பியல் மாறிலி போல அச்சிடாதீர்கள். நேர்கோடு நன்றாகப் பொருந்துகிறது என்பதும் எதையும் நிரூபிக்காது. அதிர்வெண் எல்லையை விரிவாக்குங்கள்: 0.1 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை ஐந்து பத்து மடங்குகள் கிடைத்தால் நல்லது. உறைவை நெருங்க நெருங்கத் தளர்வு நேரம் அடுக்கு விதிப்படி நீள்வதாகக் கொள்ளும் மாறுநிலை மந்தமாதல் விதியையும் தனியாகப் பொருத்திப் பாருங்கள். அதில் வரும் அடுக்கு 4 முதல் 12க்குள் இருக்க வேண்டும். தளர்வு நேரம் 10⁻¹² விநாடிக்குப் பக்கத்தில் வந்தால் தனி ஸ்பின்கள். அதைவிடப் பல மடங்கு நீண்டு வந்தால் கொத்துகள். இரு பொருத்தங்களும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதே கேள்வி.

அறிகுறி: தன்வெப்பத்தில் அதே வெப்பநிலையில் கூர்மையான முனை

கிளாஸ் உறையும்போது தன்வெப்பத்தில் லாம்டா எழுத்து வடிவக் கூர்முனை வராது. உறைவு வெப்பநிலைக்குச் சற்று மேலே, பெரும்பாலும் அதைவிட 20 முதல் 40 சதவீதம் கூடுதலான இடத்தில், ஓர் அகன்ற மேடு மட்டும் தெரியும். கூர்மையான முனை வந்தால் நீண்டதூர ஒழுங்கு ஏதோ ஒரு பகுதியிலாவது இருக்கிறது. அந்த முனைக்குக் கீழே உள்ள என்ட்ரோபியைக் கணக்கிடுங்கள். காடோலினியத்துக்கு மொத்தம் கிடைக்க வேண்டியது மோலுக்கு 17.3 ஜூல்/கெல்வின். முனையில் கிடைப்பது அதில் இரண்டு மூன்று சதவீதம்தான் என்றால், அது வேற்றுக் கட்டத்தின் முனையாக இருக்கலாம். பெரும்பங்கு கிடைத்துவிட்டால் ஸ்பின் கிளாஸ் என்ற பேச்சை விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் என்றால், முதலில் ஒழுங்கு வந்து அதற்குக் கீழே கிளாஸ் நிலை உருவாகும் மீள்நுழைவு வகையா என்று பாருங்கள். கொல்கத்தா சாகா நிறுவனக் குழு ஆராய்ந்த நியோடிமியம் 2, நிக்கல் 0.94, சிலிகான் 2.94 சேர்மம் அப்படிப்பட்ட மீள்நுழைவுக் கொத்துக் கிளாஸ்தான்.

ஓல்மியம், டெர்பியம், பிரசியோடைமியம் மாதிரிகளில் 1 கெல்வினை நெருங்கும்போது தன்வெப்பம் மேலே ஏறினால் பதற வேண்டாம். அது அணுக்கருவின் நெருக்கமான ஆற்றல் நிலைகளிலிருந்து வரும் ஷாட்கி பங்களிப்பு. அதைக் கழிக்காமல் என்ட்ரோபி போடக் கூடாது.

அறிகுறி: கியூரி–வைஸ் வெப்பநிலை சிறியது, இழுபறி விகிதம் 10ஐத் தொடவில்லை

உயர் வெப்பநிலைக் காந்த ஏற்புத்திறனின் தலைகீழை நேர்கோடாக நீட்டிக் கிடைக்கும் வைஸ் வெப்பநிலையின் அளவை ஒழுங்கு வெப்பநிலையால் வகுத்தால் 10க்கு மேல் வர வேண்டும் என்பது காந்த ஆக்சைடுகளுக்கு நல்ல வழிகாட்டி. உலோகச் சேர்மங்களில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. ஆர்கேகேஒய் பிணைப்பில் ஃபெரோவும் எதிர்ஃபெரோவும் கலந்தே இருக்கும். வைஸ் வெப்பநிலை அவற்றின் கூட்டுத்தொகை. ஒன்றையொன்று ஈடுசெய்து பூஜ்ஜியத்துக்கு அருகில் வந்துவிடலாம். நேர்மறையாகக்கூட வரலாம். இழுபறி வலுவாக இருக்கும்போதே விகிதம் 1க்குக் கீழே நிற்பது இங்கே சாதாரணம். அதை வைத்து மாதிரியைத் தள்ளிவிடாதீர்கள்.

பொருத்தும் எல்லையையும் சரிபாருங்கள். பிரசியோடைமியம், டெர்பியம் சேர்மங்களில் படிகப்புல விளைவு (சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் 4எஃப் ஆற்றல் நிலைகளைப் பிரிப்பது) கோட்டை வளைக்கும். 150 கெல்வினுக்கு மேலே மட்டும் பொருத்துங்கள். கிடைக்கும் திருப்புத்திறன் டெர்பியத்துக்கு 9.72, ஓல்மியத்துக்கு 10.6, எர்பியத்துக்கு 9.58, நியோடிமியத்துக்கு 3.62 போர் மேக்னெட்டான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் முதலில் மாதிரியின் எடையை மறுபடி பாருங்கள்.

அறிகுறி: நினைவு விளைவு தெரிகிறது. போதுமா?

எந்த நெறிமுறையில் அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. புலத்தோடு குளிர்வித்து, நடுநடுவே புலத்தை நிறுத்தி, சூடாக்கும்போது படிகள் திரும்ப வருவதைக் காட்டும் எஃப்சி நினைவுச் சோதனை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தளர்வு நேரங்கள் பரவலாக உள்ள சாதாரண மீபாராகாந்தத் துகள்களும் அதைக் காட்டிவிடும் என்று 2005இலேயே தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். கிளாஸை உறுதிப்படுத்துவது இசட்எஃப்சி நினைவுச் சோதனை. ஒரே ஒரு கூடுதல் அளவீட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

உறைவு வெப்பநிலைக்கு வெகு மேலேயிருந்து பூஜ்ஜியப் புலத்தில் குளிர்வியுங்கள். உறைவு வெப்பநிலையின் 0.7 அல்லது 0.8 மடங்கில் நிறுத்தி, மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு கீழே வரை குளிர்வித்து, சிறு புலம் கொடுத்து, சூடாக்கிக்கொண்டே அளங்கள். அதே வேகத்தில், நிறுத்தாமல் குளிர்வித்த இன்னொரு வளைகோட்டையும் எடுங்கள். இரண்டின் வித்தியாசத்தில், நிறுத்திய வெப்பநிலையில் ஒரு பள்ளம் விழ வேண்டும். காத்திருந்த நேரத்தில் ஸ்பின்கள் தங்களுக்குள் மேலும் இசைந்து அமர்ந்திருக்கின்றன, சூடாகும்போது அதே இடத்தில் அந்த அமைப்பு மறுபடி வெளிப்படுகிறது. தனித்தனித் துகள்களுக்கு இது முடியாது.

பள்ளம் தெரியவில்லையா? அது மொத்த மதிப்பில் ஒன்றிரண்டு சதவீதமாகவே இருக்கலாம். கொடுத்த புலம் பெரிதானால் அழிந்துபோகலாம். 5 அல்லது 10 ஓர்ஸ்டெட்டில் முயலுங்கள். இரு வளைகோடுகளின் குளிர்விப்பு வேகமும் ஒன்றா என்று பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். எஞ்சிய புலம் இருந்தால் காத்திருந்த மூன்று மணி நேரமும் வீண். பள்ளம் நிறுத்திய இடத்தில் விழாமல் ஒரு கெல்வின் தள்ளி விழுந்தால், வெப்பமானிக்கும் மாதிரிக்கும் இடையே வெப்பத் தொடர்பு சரியில்லை.

மூப்படைதலையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம். 100, 1000, 10000 விநாடிகள் காத்திருந்து, புலம் கொடுத்துக் காந்தமாக்கம் ஏறுவதை அளங்கள். நேரத்தின் மடக்கையைப் பொறுத்த சரிவில் ஒரு முனை வரும், அது காத்திருந்த நேரத்துக்கு அருகிலேயே வர வேண்டும். 1983இல் உப்சாலா குழு செம்பு–மாங்கனீசில் கண்டது இதைத்தான். நீட்டிய அடுக்குக்குறிச் சார்பு பொருந்துகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி வேலை.

அறிகுறி: ஒரு தொகுதியில் கிளாஸ், அடுத்த தொகுதியில் இல்லை

கருவியை விட்டுவிட்டு உலைக்குத் திரும்புங்கள். உருக்கும்போது எடை இழப்பு 0.5 சதவீதத்தைத் தாண்டியதா? இட்டெர்பியம் 1196 டிகிரி செல்சியஸிலும் யூரோப்பியம் சுமார் 1530 டிகிரியிலும் சமாரியம் சுமார் 1790 டிகிரியிலும் கொதித்துவிடும். திறந்த ஆர்க் உலையில் இவை ஆவியாகிப் போகும். அடைத்த டான்டலம் குழாய்தான் வழி. மற்ற அருமண்களுக்கு, டைட்டானியத் துண்டை முதலில் உருக்கி ஆர்கானைச் சுத்தப்படுத்தினீர்களா, பொத்தானைப் புரட்டிப் புரட்டி நான்கைந்து முறை உருக்கினீர்களா என்று குறிப்பேட்டைப் பாருங்கள்.

நிக்கல் 2:1:3 சேர்மங்களில் இன்னொரு கோணமும் உண்டு. சரியான 2:1:3 விகிதத்தில் எடை போட்டால் சில அருமண்களுக்கு ஒற்றைக் கட்டமே உருவாவதில்லை. நிக்கலிலும் சிலிகானிலும் சிறு வெற்றிடங்கள் விட்டால்தான் அமைகிறது. மேலே சொன்ன நியோடிமியம் சேர்மத்தின் 0.94, 2.94 என்ற எண்கள் அங்கிருந்து வந்தவைதான். அந்த வெற்றிடங்களே ஒழுங்கின்மையின் மூலம். ஒரு தொகுதியில் 0.94, இன்னொன்றில் 0.98 என்று இருந்தால் உறைவு வெப்பநிலை நகரும். பதப்படுத்தும் வெப்பநிலையும் நேரமும் பல்லேடியம், சிலிகான் அணுக்கள் எவ்வளவு கலந்து அமர்கின்றன என்பதை மாற்றக்கூடும். மெதுவாக வளர்த்த படிகங்களில் அவை ஒழுங்கு வரிசையில் அமர்ந்து மேலணிக்கோவை உருவாகலாம். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் தாழ்கோணத்தில் மெல்லிய கூடுதல் கோடுகள் இருக்கின்றனவா என்று நீண்ட நேரம் எண்ணிப் பாருங்கள்.

ஒழுங்கின்மையே கண்ணில் படாத கிளாஸும் உண்டு. பிரசியோடைமியம்–தங்கம்–சிலிகான் 1:2:2 சேர்மம் சுமார் 3 கெல்வினில் உறைகிறது, ஆனால் அணிக்கோவை ஒழுங்காக இருக்கிறது. படிகப்புல நிலைகளின் ஏற்ற இறக்கமே அங்கே இழுபறியை உண்டாக்குகிறது என்று 2008இல் விளக்கம் தந்தார்கள். ஆகவே எவ்வளவு தேடியும் ஒழுங்கின்மை கிடைக்கவில்லை என்பதற்காக ஏசி, நினைவு அளவீடுகளைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

அறிகுறி: நியூட்ரான் முடிவு ஏசி முடிவோடு சண்டை போடுகிறது

நியூட்ரான் சிதறல் அளவீட்டுக்கு உலையில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு எச்சரிக்கை. இயற்கைக் காடோலினியம் வெப்ப நியூட்ரான்களை 49,000 பார்னுக்கு மேல் உறிஞ்சும் (பார்ன் என்பது உறிஞ்சும் திறனை அளக்கும் பரப்பு அலகு), சமாரியம் கிட்டத்தட்ட 5,900, யூரோப்பியம் 4,500, டிஸ்ப்ரோசியம் 990. மும்பை ட்ராம்பேயின் துருவா உலையானாலும் பிரான்சின் கிரெனோபிள் உலையானாலும் சாதாரண மாதிரியில் ஒன்றும் தெரியாது. டெர்பியம், ஓல்மியம், எர்பியம், நியோடிமியம் மாதிரிகளோடு போங்கள்.

உறைவுக்குக் கீழே காந்தப் பிராக் கோடுகள் (ஒழுங்கான காந்த அமைப்பிலிருந்து வரும் விளிம்புவிளைவுக் கோடுகள்) வந்தால் அவற்றின் அகலத்தை அணுக்கருக் கோடுகளின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். அகலம் ஒன்றென்றால் நீண்டதூர ஒழுங்கு. காந்தக் கோடு கண்ணுக்குத் தெரிகிற அளவு அகன்றிருந்தால், கருவியின் பங்கைப் பிரித்துவிட்டு மிச்ச அகலத்திலிருந்து தொடர்புத் தொலைவைக் கணக்கிடுங்கள். சில பத்து ஆங்ஸ்ட்ராம் வந்தால் அவைதான் உங்கள் கொத்துகள். இரண்டு வகையும் சேர்ந்தே தெரிந்தால் ஒழுங்கும் கிளாஸும் கூடி வாழ்கின்றன என்று அப்படியே எழுதுங்கள். சேர்மத்தை ஒரே பெயருக்குள் அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நியூட்ரானில் உறைவு 12 கெல்வினிலேயே தொடங்கிவிட்டது போலத் தெரிகிறது, ஏசியில் 8 கெல்வின்தான் என்றால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். நியூட்ரான் பார்ப்பது 10⁻¹¹ விநாடி அளவிலான ஒரு கணப்படம். அந்த நேரத்துக்குள் திரும்பாத ஸ்பின் அதற்கு உறைந்ததாகவே தெரியும். ஏசி அளவீடு மில்லிவிநாடியிலிருந்து விநாடி வரை காத்திருக்கிறது, டிசி அளவீடு நிமிடக்கணக்கில். அட்டவணையில் ஒவ்வொரு உறைவு வெப்பநிலைக்கும் பக்கத்தில், எந்தக் கருவி, எந்த நேர அளவு, எவ்வளவு புலம் என்ற மூன்றையும் எழுதுங்கள். மாதிரிக்குள் செலுத்திய மியூவான் துகள்களின் ஸ்பினைக் கொண்டு உள்புலத்தை அறியும் மியூவான் அளவீடும் இருந்தால், நியூட்ரானுக்கும் ஏசிக்கும் நடுவில் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.